எண்ணைக் கூப்பிட்டார்கள்

நெப்ராஸ்காவில் பிப்ரவரி.
பள்ளிப் பேருந்தின் கடைசி இருக்கையில்
போர்வை சுற்றிப் படுத்திருக்கிறது எங்கள் ரோபோ.
ஹீட்டர் ஓடவில்லை.
பேட்டரிக்குக் குளிர் ஆகாதென்று
கோட்டுக்குள் வைத்துக்கொண்டான் லெர்மூ.

அதன் மணிக்கட்டை வரைந்தவள் நிக்கொலாசா.
அவள் அம்மா இறைச்சி ஆலையில்
ஷிஃப்டுக்கு நாலாயிரம் தடவை கத்தியைத் திருப்புகிறவள்.
விடிகாலை வந்து
வெந்நீரில் கையை முக்கி உட்காருவாள்.
எங்கே மடங்குகிறது, எங்கே மறுக்கிறது என்று
தண்ணீருக்குள் பார்த்தே
கோணம் எடுத்தாள் மகள்.
நம் ரோபோவுக்கு வலிக்காது என்று
முதல் நாள் சொல்லிச் சிரித்தோம்.
அப்புறம் யாரும் அதைச் சொல்லவில்லை.

வளையம் வழுக்கிக்கொண்டே இருந்தது.
கடையில் பிடிப்புப் பட்டை அறுபது டாலர்.
அண்ணன் வார்சமே கிழித்துப் போட்ட
ஆலைக் கையுறையை நறுக்கி
விரல்களில் ஒட்டினேன்.
இது என்ன கறை என்றார் பரிசோதகர்.
சோமாலியில் தெரியும், ஆங்கிலம் வரவில்லை.
"மாடு" என்றேன்.
எழுதிக்கொண்டார்.

முதல் ஆட்டத்தில் வயர் கழன்றது.
இரண்டாவதில் சுவரை முட்டிக்கொண்டு நின்றது.
மூன்றாவதில் பிடித்தது பார்,
ஏழு வளையம், ஒன்றுகூட நழுவாமல்.
ஆனாலும் பத்தொன்பதாவது இடம்.

முன்னணி அணிகள்
கூட்டுக்கு ஆள் எடுக்கும் நேரத்தில்
நாங்கள் பெட்டியை மூடிக்கொண்டிருந்தோம்.
ஒலிபெருக்கியில் எங்கள் எண்.

எண்ணைக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று
எங்களுக்குத் தெரியும்.
எல்லை முகாமில் லெர்மூ வீட்டுக்கு
அரிசி வரிசையில் ஓர் எண் இருந்தது.
ஒமாஹா நீதிமன்றத்தில்
நிக்கொலாசாவின் அப்பாவுக்கு ஒன்பது இலக்கம்.
கூப்பிட்ட அன்று உள்ளே போனவர்
குவாத்தமாலாவிலிருந்துதான் போன் செய்தார்.
அதனால் ஒருவரும் அசையவில்லை.
நான் பையில் அடையாள அட்டையைத் தேடினேன்.

மறுபடியும் கூப்பிட்டார்கள்.
பல்லுக்குக் கம்பி போட்ட பையன் ஒருவன்
மைக்கோடு மைதானத்தின் நடுவில் நின்று
கூட்டத்தில் எங்களைத் தேடினான்.
"அந்தக் கையுறைக்காரர்கள்,
எங்களோடு சேருகிறீர்களா?"
அப்படிக் கேட்டாக வேண்டும், அது விதி
என்றான் லெர்மூ என் காதில்.

இப்படியும் ஒரு விதி.
எண்ணைக் கூப்பிட்டுவிட்டு
சம்மதமா என்று கேட்டு
காத்து நிற்பது.

நிக்கொலாசா என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.
"ஹா" என்றேன்,
எங்கள் மொழியில் ஆமாம்.
இருமுகிறேன் என்று நினைத்து
அவன் இன்னொரு தடவை கேட்டான்.