நிப்பாட்டாத எஞ்சின்

வின்னிபெக்கில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
முதல் கடன் கேட்டுப் போன மங்களேஸ்வரி அக்காவை
வங்கிக்காரர் கேட்டாராம்:
"கணவர் வரவில்லையா?"

"வெளியில லொறிக்குள்ள இருக்கிறார்.
எஞ்சினை நிப்பாட்டினா
திரும்ப ஸ்டார்ட் ஆகாது.
சம்பளம் குடுத்துத்தான் இருத்தியிருக்கிறன்."

இப்போது நாற்பத்திரண்டு லொறிகள்.

ஜூலையில் ஒருநாள்
குளிர்ப்பெட்டி பூட்டாத லொறியில்
மீன் ஏற்றி அனுப்பிவிட்டேன்.
ரெஜைனா போய்ச் சேர முன்னமே நாறிவிட்டது.
அக்கா ஏசவில்லை.
நட்டக் கணக்கை என் கையாலேயே எழுதவைத்தார்,
கடைசிச் சதம் வரைக்கும்.

இன்று அதே வங்கி,
என் பெயரில் விண்ணப்பம்.
மேசைக்கு அந்தப்பக்கம் வேறொரு இளைஞன்.
"உங்களோடு யாரும் வரவில்லையா?"

கண்ணாடிக்கு வெளியே
என் பழைய வேன்
புகை விட்டபடி நிற்கிறது.
உள்ளே ஒருவரும் இல்லை.