கேட் மூடியிருக்கிறது

ஒன்பது கிலோ பேப்பரைப் போட்டுவிட்டு
பதினோரு கிலோவோடு திரும்பியவள் நான்.
குத்புதீன் பாய் தராசை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை.
"படிக்கவா, திரும்ப எடைக்குப் போடவா?"
தெரியல பாய் என்றேன்.
நிஜமாகவே தெரியவில்லை.

கொருக்குப்பேட்டை, மே மாதத்து மதியம்.
யாருடையதோ பாலிடெக்னிக் நோட்டுகளுக்கும்
கரண்ட் பில் ரசீதுகளுக்கும் நடுவே
சணலில் இறுகிக் கிடந்தது சுழல் காமிக்ஸ்,
இருபத்து மூன்று இதழ், விலை ஒன்னே கால் ரூபாய்.
கயிறு அழுத்திய இடத்தில்
ஷெரீப் ரான்சனின் கழுத்து வெளுத்து மடிந்திருந்தது.
தூக்கில் போட்டும் சாகாதவன் மாதிரி
தொப்பிக்குக் கீழே முறைத்தான்.

முதலில் கதைதான் படித்தேன்.
கதை சுமார்.
வங்கி, துப்பாக்கி, பள்ளத்தாக்கு,
"ஆ!" என்று ஒருவன் விழுவான்.
நிறம் இரண்டே இரண்டு: கறுப்பு, அப்புறம்
அன்றைக்கு அச்சகத்தில் மிச்சமிருந்த ஏதோ ஒன்று.
ஏழாம் இதழில் எல்லோரும் ஆரஞ்சு.
அச்சு நகர்ந்து
ஷெரீப்பின் காது நிறம் மட்டும் தனியே
வானத்தில் நிற்கும்.

இரண்டாம் தடவைதான் குதிரையைப் பார்த்தேன்.
அது டெக்ஸாஸ் குதிரை இல்லை.
விலாவை எண்ணலாம். முட்டியில் பழைய காயம்.
தங்கசாலையில் ஜட்கா இழுத்து இழுத்து
நின்றபடியே தூங்கப் பழகிய குதிரை.
மேலே உட்கார்ந்திருப்பவன் ஷெரீப்பா சேட்டா
அதற்கு அக்கறையில்லை.

அதோடு என் தூக்கம் போனது.
துறைமுகத்தில் சரக்கு பில் சரிபார்க்கிறவள் நான்,
பொடி எழுத்தில் பொய்யைத் தேடத்தான் சம்பளம்.
மதுக்கடைப் பீப்பாய்க்குப் பின்னால் மீன்பாடி வண்டிச் சக்கரம்.
செவ்விந்தியர் கூடாரத்துக்கு மேலே
பேசின் பிரிட்ஜ் புகைபோக்கி, சத்தியமாக.
பாலைவனத்துக் கள்ளியில்
யாரோ லுங்கி காயப் போட்டிருக்கிறார்கள்.

பதினான்காம் இதழ், பக்கம் முப்பத்தொன்று.
கொள்ளையர் தப்புகிறார்கள், புழுதி, பாய்ச்சல்,
அடுத்த கட்டத்தில்
ரயில்வே கேட்.
மூடியிருக்கிறது.
எங்கள் கேட்.
ஷெரீப்பும் கொள்ளையரும்
ஒருவர் பக்கத்தில் ஒருவர், குதிரைமேல், காத்திருக்கிறார்கள்.
மூன்று கட்டத்துக்குக் கூட்ஸ் வண்டி போகிறது.
யாரும் சுடவில்லை.
ஒரு கொள்ளையன் காலைச் சொறிகிறான்.

வாசகர் கடிதத்தில் ஆ. திருமேனி, எட்டாம் வகுப்பு, சேலம்:
"டெக்ஸாஸில் இப்படி கேட் உண்டா?
ஓவியருக்குப் புவியியல் தெரியாதா?"
ஆசிரியர் பதில்:
"ஓவியரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம்."
பதினேழாம் இதழில் கேட் மறுபடி வந்தது.
இந்த முறை
தடுப்புக்கு அடியில் குனிந்து போகிறாள்
கூடைக்கார அம்மா ஒருத்தி.

அந்த ஆளுக்குப் பெயர் இல்லை.
ஆசிரியர் பெயர் உண்டு, சிவகாசி அச்சகம் உண்டு,
பருக் களிம்பு விற்றவர் பெயர்கூட உண்டு.
படம் போட்டவர் என்று ஒருவரும் இல்லை.
ஆனாலும் தெரியும் எனக்கு:
பத்தாம் இதழ்வரை விரல் வரைய வராது அவருக்கு.
(அவளுக்கோ? யார் கண்டது.)
எல்லோர் கையும் சட்டைப் பைக்குள், சாக்குக்குள்,
முதுகுக்குப் பின்னால்.
பதினொன்றில் திடீரென்று கைகள்!
கடிவாளம் பிடிக்கும் கை, சீட்டுப் பிரிக்கும் கை,
தேவையே இல்லாமல் ஒரு பக்கம் முழுக்க
வெற்றிலை மடிப்பதுபோல் புகையிலை சுருட்டும் கை.
இடையில் ஏதோ ஒரு மாதம்
எங்கோ ஒரு நாற்பது வாட்ஸ் பல்புக்குக் கீழே
தன் இடது கையையே பார்த்தபடி
உட்கார்ந்திருக்க வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் போன் செய்தார்.
மொத்தத்துக்கும் ஒன்பதாயிரம்.
பதினேழு மட்டும் தர மாட்டேன் என்றேன்.
"அது இல்லாம செட் ஆகாதே மேடம்."
ஆமாம், ஆகாது.

இன்று காலை கேட் போட்டிருந்தார்கள்.
வண்டியை அணைத்துவிட்டுப் பெட்டி எண்ணினேன்,
நாற்பத்திரண்டில் கணக்கு விட்டுப்போனது.
பக்கத்து பைக்கில் ஒருவர்
காலைச் சொறிந்துகொண்டிருந்தார்.
தொப்பிதான் இல்லை.