பேஸ் பெட்டி

பதினெட்டு மாதத் தவணை.
ஹட்டன் பஸ்சின் பின் சீட்டில்
தனி டிக்கெட் எடுத்து வந்த பெட்டி
வாயைத் திறக்கவில்லை.

சின்ன ஸ்பீக்கர்கள் ஐந்தும்
கோள் சொல்லும் குரலில் கீச்சிட்டன.
மத்தளம் வரவேண்டிய இடத்தில்
யாரோ தீப்பெட்டியைத் தட்டினார்கள்.

"லைட்டு செவப்பா, நீலமா சேர்?"
போனில் கடைக்கார நஸ்ருல்லா.
சிவப்பு.
"அப்ப தூங்குது. பின்னுக்கு குட்டி சுவிட்ச் இருக்கும்,
ஓட்டோவுல இருந்து ஓனுக்குத் தள்ளுங்க."
தள்ளினேன். நீலமானது.
நீலமாய் விழித்துக்கொண்டு சும்மாவே இருந்தது,
பெரட்டுக்கு வந்து பேர் கொடுத்துவிட்டு
மலைக்கு ஏறாத ஆள் மாதிரி.

அம்ப்ளிஃபயரிலிருந்து வயரைப் பிடுங்கி
அதன் ஊசிமுனையில் விரல் வைத்தேன்.
ம்ம்ம்ம் என்றது.
மறு உள்ளங்கையை
கருப்புக் கூம்பு மெல்லத் தள்ளியது.
உயிர் இருக்கிறது.
அப்படியானால் கோளாறு மேலிடத்தில்.

மெனுவுக்குள் இறங்கினேன்.
முன் ஸ்பீக்கர்: பெரியது.
சப்வூஃபர்: இல்லை.
கையகலம்கூட இல்லாததைப் பெரியது என்றும்
முழங்கால் உயரத்தில் முன்னால் நிற்பதை
இல்லை என்றும் பதிந்திருந்தார்கள்.
பதிவில் இல்லாதவன் பாடு என்னவென்று
எங்கள் லயத்தில் யாருக்கும்
விளக்கத் தேவையில்லை.

திருத்தினேன்.
சிறியது. உண்டு. எண்பது ஹேர்ட்ஸ்.

வந்தது.
வந்ததா?
நாற்காலியில் போய் உட்கார்ந்தால்
தண்ணீர் ஊற்றிய பால்.
வொலியூமைப் பாதிக்குத் திருகினேன், பிறகு முக்காலுக்கு.
ஃபேஸைப் பூச்சியத்திலிருந்து நூற்றெண்பதுக்கு,
மறுபடி பூச்சியத்துக்கு.
அதே பால்.

மூன்றாம் நாள், காலை பத்து மணி.
வாசலில் பரிபூரணம்.
பக்கத்துக் காம்பரா. பெக்டரியில் இரவு வேலை,
பகல்தான் அவளுக்கு ராத்திரி.
கண்கள் மிளகாய். கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர்.
"இது ராக்கையில இருந்து தானா நடந்து வந்து விழுவுது.
இன்னைக்கு மட்டும் மூணு வாட்டி."

அவள் வீட்டுக்குள் போய் நின்றேன்.
என் தவணைப் பணம் முழுவதும்
அங்கே முழங்கிக்கொண்டிருந்தது.
கலண்டர் ஆணி அதிர, பீங்கான் பேச,
கூரைத் தகரம் எதுகை பிடிக்க.

சுவரில் முட்டித் திரும்பும் அலையும்
எதிரே வரும் அலையும்
ஒன்றையொன்று தின்று தீர்க்கிற இடம் ஒன்று
எந்த அறையிலும் இருக்குமாம்.
அளந்து வைத்ததுபோல் அங்கேதான்
நாற்காலி போட்டிருந்தேன்.

"பெட்டியத் தூக்கி நாற்காலியில வைங்க,
நீங்க தரையில தவழுங்க" என்றார் நஸ்ருல்லா.
செக்ரோல் எழுதுகிற கிளாக்கன்
நாலு காலில், சிமெந்தோடு காதை வைத்து.
"என்னப்பா தேடுறீங்க?" என்றாள் மகள் நிரோஷினி.
சத்தத்தை, என்றேன்.
அவளும் குனிந்து தேடத் தொடங்கினாள்.

கட்டிலடியில் இல்லை.
சாமிப் படத்துக்குக் கீழே கொஞ்சம்.
தையல் மெஷினோரம் வந்த மாதிரி வந்து மறைந்தது.
கடைசிச் சுவர் மூலை, குடையும் பூட்ஸும் கிடக்கிற இடம்,
"இங்கப்பா!" என்று கத்தினாள்.
போனேன்.
நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து உட்கார்ந்தது.

குடையை வெளியே போட்டு
பெட்டியை அங்கே வைத்தேன்.
லயத்தின் கடைசிக் காம்பரா என்னுடையது.
அந்தச் சுவருக்கு அப்பால் யாருமில்லை,
ஒரு கித்துள் மரம், நிறைய மழை.

பரிபூரணத்தைக் கூப்பிட்டு
நாற்காலியில் உட்கார வைத்துப் பாட்டுப் போட்டேன்.
முழுதும் கேட்டாள். நிறுத்தினேன்.
"பாட்டு நின்னுருச்சு. அது நிக்கலியே."
உண்மைதான். அடியில் ஒரு இரைச்சல்.
"பேரிங் போறதுக்கு முந்தி
மூணாம் நம்பர் ரோலர் இப்புடித்தான் மொனகும்."
பேரிங் இல்லையக்கா, ஏர்த்.
டீவி ஒரு பிளக்கில், பெட்டி இன்னொன்றில்.
ரெண்டையும் ஒன்றில் மாட்டிப் பார்க்கணும்,
என்று சொல்லிக்கொண்டே திரும்பினால்

தலை சாய்ந்திருந்தது.
ஆளே தூங்கிவிட்டாள்.

மடியில் டம்ளர்.
அது அசையவில்லை.