எடை பார்ப்பவள்

குவோப்பியோவில் நவம்பர் என்றால்
மூன்றரை மணிக்கே விளக்குப் போட வேண்டும்.
அந்த இருட்டில்தான் வியாழன்தோறும் வருவார்கள்
என் தராசுக்கு.
கோட்டு, கம்பளிச் சட்டை, உள்ளே இன்னொரு கம்பளிச் சட்டை,
பூட்ஸ், கைக்கடிகாரம்.
கழற்றக் கழற்றக்
கொக்கியில் தொங்கும் பாதி ஆள்.
ராய்லி மட்டும் கல்யாண மோதிரத்தையும் கழற்றித்
தட்டில் வைப்பாள்.
"இதுவும் பாரம்தானே."

நூற்றிருபது பேர். எண் ஒட்டிய வெள்ளைக் குப்பிகள்.
பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு.
யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது.
தெரியாமல் இருக்கத்தான் எனக்குச் சம்பளம்.
உணவுப் பட்டியல் எல்லோருக்கும் ஒன்றே.
அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு
அதே கதவைத் திறந்தவர்கள்தான் அதிகம்.

தார்மோ லாரிக்காரன்.
அவன் நடை வண்டியிலிருந்து காப்பிக்கடை வரை.
மூன்றாம் வாரம் குரலைத் தாழ்த்திச் சொன்னான்:
"பசி போய்விட்டது, சிஸ்டர்.
வீட்டை விட்டு ஓடின நாய் மாதிரி.
கூப்பிட்டுப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது."
பாதி கடித்த ஏலக்காய் பன்
ஸ்டியரிங் பக்கத்தில் கிடந்து
விடிவதற்குள் கல்லாகியிருந்ததாம்.
சிரிக்கவில்லை அவன்.
பதினோரு கிலோ இறங்கினான், பனிச்சரிவு போல.

ராய்லிக்கு மீன் கடையில் வேலை.
அவளுக்கு இறங்கியது சொட்டுச் சொட்டாக.
முந்நூறு கிராம். நூறு. ஒரு வாரம் ஏறவும் செய்தது.
"மாத்திரை பாவம் தனியாகக் கிடந்து மல்லாடுகிறது,
நானும் ஒரு கை கொடுக்கிறேன்" என்று
கம்பு ரொட்டிக்கு வெண்ணெயை நிறுத்தினாள்.
ஏரி உறைந்ததும் பஸ்ஸை விட்டாள்.
உதைசறுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு
பனியின் மேல் நாலு கிலோமீட்டர்.
இமை முடியில் உறைபனியோடு வந்து நிற்பாள்,
குறைந்த ஒவ்வொரு கிராமுக்கும்
குப்பியைத் தடவி நன்றி சொல்வாள்.

மார்ச்சில் உறை பிரித்தார்கள்.
தார்மோவுக்கு மருந்து.
ராய்லிக்கு மாவு.

ஆறு கிலோ நானூறு கிராம், மாவு.

கைகுலுக்கப் போனேன். கையை இழுத்துக்கொண்டாள்.
"அப்படியென்றால் அந்தப் பசியையெல்லாம்
நான் ஒருத்தியாகவா தாங்கினேன்?
முதலிலேயே தெரிந்திருந்தால்
ஒரு நாள் தாங்கியிருப்பேனா?"
என்னிடம் பதில் இல்லை.
படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.
பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே,
தலை நிமிராமல்,
"அந்த மாவு இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?" என்றாள்.

அறிக்கை வந்தது.
மருந்து தின்றவர்கள் அதிகம் குறைந்தார்கள்.
உண்மைதான். என் கையால் நிறுத்த எடைகள்,
நான் மறுக்க முடியாது.
ஏரி எந்தப் பத்தியிலும் இல்லை.

அடுத்த நவம்பரில் மறுபடி கூப்பிட்டோம்.
குப்பி நின்று எட்டு மாதம்.
"நாய் திரும்பி வந்துவிட்டது சிஸ்டர்,
குட்டிகளோடு" என்றான் தார்மோ.
பதினொன்றில் ஒன்பது ஏறியிருந்தது.
இந்த முறை சிரித்தான், பெல்ட்டின் பழைய துளையைத் தடவியபடி.
மருந்தைக் காசு கொடுத்து வாங்க முடியுமா என்று கேட்டான்.
விலையைச் சொன்னேன். லாரி ஜன்னலைப் பார்ப்பதுபோல்
என் ஜன்னலைப் பார்த்தான்.

ராய்லிக்கும் இரண்டு கிலோ ஏறியிருந்தது.
"கோடையில் ஏரி தண்ணீராகிவிடுகிறதே, என்ன செய்ய?"
சொல்லிவிட்டு அவசரமாகப் போனாள்.

தட்டில் மோதிரத்தை மறந்துவிட்டிருந்தாள்.
தராசில் வைத்துப் பார்த்தேன்.
பூஜ்யம்.
ஐம்பது கிராமுக்குக் கீழே
எதுவும் அதன் கண்ணுக்குத் தெரியாது.
ஜன்னல் வழியே அவள் தெரிந்தாள்,
விளக்குக் கம்பங்களுக்கு நடுவே
திரும்பி ஓடி வருகிறாள்,
மூச்சு வெள்ளையாக முன்னால் போக.