இலங்கை: ஒன்று

டெங்கு மும்முரமான கார்த்திகையில் வந்தது கடிதம்.
பெரியாஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
குருதிச் சிறுதட்டுகளை எண்ணி எண்ணிக்
கண் பூத்து வீடு திரும்பிய பின்னேரம்.
எண்ணுவதுதான் என் தொழில்.
கண்ணாடியில் கீறிய கட்டத்துக்குள் எத்தனை விழுந்திருக்கிறது,
கோட்டிலே நிற்பதை என்ன செய்வது.
அதற்கும் விதி உண்டு:
மேல்கோடு, இடக்கோடு என்றால் சேர்.
கீழ்க்கோடு, வலக்கோடு என்றால் விடு.

எழுதியவர் அபடீன்காரர், ஓய்வுபெற்ற நில அளவையாளர்.
கில்றன்னொக் என்ற பேருள்ளவர்களை
உலகம் முழுக்கத் தேடித்
தேசப்படத்தில் குண்டூசி குத்துகிறாராம்.
கணக்கும் அனுப்பியிருந்தார்.
ஸ்கொட்லாந்தில், பாட்டன் காலத்துக் குடிசனக் கணக்கில், அறுபத்திரண்டு.
இப்போது ஒன்பது,
அதிலும் ஆறு பேர் ஒரே வீட்டில்.
நியூசிலாந்தில் பதினான்கு. ஆடு வளர்க்கிறவர்கள், பெருகியிருக்கிறார்கள்.
கனடா ஐந்து.
இலங்கை: ஒன்று. பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

அந்தக் கேள்விக்குறி நான்தான்.
ரூபவதனி கில்றன்னொக், சுண்டுக்குளி.

பேர் எப்படி வந்ததென்று
அப்பாவிடம் மூன்று கதை இருந்தது.
ஒன்றில், ஒரு சீமாட்டி வருசம் நாலு பவுண் அனுப்பிப்
பூட்டனைப் படிப்பித்தாள்,
ஞானஸ்நானத்தோடு கடன் தீர்ந்தது.
இன்னொன்றில் ஒரு கப்பல் வரும், கொஞ்சம் வெட்கமும் வரும்.
மூன்றாவதைச் சாராயம் உள்ளே போனால்தான் சொல்லுவார்,
ஒவ்வொரு முறையும் முடிவு வேறு.

வாக்காளர் இடாப்பில் நான் கிளிரன்னன்.
கூப்பன் அட்டையில் கில்லிறான்.
பள்ளிக்கூடத்தில் வெறும் கிளி.
அக்கம்பக்கத்தில் தகப்பன் பேர் ஓரெழுத்தாய்க் குறுகிப்
புள்ளியும் வைத்துப் பிள்ளையோடு நின்றுவிடும்,
பேரனுக்கு வேறெழுத்து.
எங்கள் வாசலில் மட்டும் அது
ஐந்து தலைமுறையாய் எழும்பிப் போகாத கடன்காரன்.

கனடா ஐவரையும் எனக்குத் தெரியும்.
சித்தப்பா குடும்பம், ஸ்காபரோவில்.
அபடீனில் இருந்து நேரே பனிக்குள் போனவர்கள் என்று நினைத்து
நீல அம்பு ஒன்று கீறியிருந்தார் மனுசன்.
அம்பை வளைக்கவேணும் என்று எழுதினேன்:
யாழ்ப்பாணம், கொட்டாஞ்சேனை லொட்ஜ்,
பாங்கொக்கில் பதினொரு மாதம்,
ஏமாற்றாத ஓர் ஏஜென்சிக்காரன்,
பிறகுதான் பனி.

கடைசிக் கேள்வி படிவத்தின் அடியில் இருந்தது.
உங்கள் நாட்டில், இந்தப் பேரில்,
இன்று உயிரோடிருப்பவர் எத்தனை பேர்?

பேனையை மூடினேன். திறந்தேன்.

தம்பி ஜெபநேசன் கில்றன்னொக்,
தொண்ணூற்றாறு ஆடியில்
சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனவன்.
அடித்தும்விட்டான்.
ஐம்பது சதம் பிறகு தாறன் என்றானாம் கடையில்.
அந்த ஐம்பது சதத்தைக் கொடுக்கப் போனேன்,
கடைக்காரர் வாங்கவில்லை, அவனே வந்து தரட்டும் என்றார்.
கந்தோரில் ஒரு சான்றிதழ் தருவதாகச் சொன்னார்கள்.
கையெழுத்து வைத்தால்
அவன் ஒரு பக்கமாக விழுந்துவிடுவான்.
நான் வைக்கவில்லை.
நுணுக்குக்காட்டிக்குள் குனியும்போதெல்லாம் பார்க்கிறேன்,
எந்தக் கோட்டில் நிற்கிறான் என்று.

இரண்டு என்று எழுதினேன்.
காரணம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

சித்திரை வெயிலில் படம் வந்தது, குழாயில் சுருட்டி.
ஓரத்தில் சரிந்த சின்னக் கையெழுத்து:
'இந்த அளவுத்திட்டத்தில் உங்கள் குடாநாடு
ஓர் ஊசித் தலைக்கே போதவில்லை.
இரண்டாவதைக் கடலில் குத்தவேண்டியதாயிற்று.
மன்னிக்கவும்.'

விளக்கைக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன்.
இரண்டும் சிவப்பு.
இரண்டும் ஒரே அளவு.
எது நான் என்று அவர் குறிக்கவில்லை.