பாதிதான் உங்களுக்கு

செகாம்புட்டில் மழை பிடித்துக்கொண்ட நாலு மணி.
டயர்க் கடைத் தகரத்தின் கீழே
ஜாக்கியில் ஒற்றைக்கால் தூக்கி நிற்கிறது
என் ஹைலக்ஸ்.

கழற்றிய டயரின் கன்னத்தில் எழுதியிருப்பதை
இன்றுதான் குனிந்து வாசிக்கிறேன்.
265, ஒரு சாய்கோடு, 65, பிறகு ஆர், பிறகு 17.
நான்கு வருடமாக இதன்மேல் உட்கார்ந்து
ஆற்றுத் தண்ணீர் பிடிக்கப் போய்வருகிறேன்,
பெயர் தெரியாமல்.

"மொத நம்பர் அகலம், மில்லிமீட்டர்" என்கிறார் சிவநேசன்.
"ரெண்டாவது மில்லிமீட்டர் இல்ல, விழுக்காடு.
அகலத்துல நூத்துக்கு அறுபத்தஞ்சு, அதான் சுவரோட உயரம்.
கடைசி, ரிம்மு. அது இஞ்சு."
ஒரே பெயருக்குள் மூன்று கணக்கு.
எதிர்க்கடையில் மூன்று மொழி பேசி
ஒரே ஒரு கோப்பி வாங்குகிறவள் நான்,
எனக்கென்ன வியப்பு?

"முப்பத்து மூணு போடுங்க" என்றேன்.
உலு லங்காட் ஆற்றங்கரையில்
சேறு பூசிய ஜீப்புக்காரர்கள் சொல்லும் எண்;
மகன் பரீட்சையில் வாங்கிய மார்க்கைப்போல
மார்பை நிமிர்த்திச் சொல்வார்கள்.

பில்லைத் திருப்பிப்போட்டு எழுதினார்.
சுவர் நூற்று எழுபத்திரண்டேகால்.
மேலே ஒன்று, கீழே ஒன்று, இரட்டிப்பு.
பதினேழை இருபத்தைந்தே புள்ளி நான்கால் பெருக்கிக் கூட்டு.
எழுநூற்று எழுபத்தாறு. இஞ்சில் முப்பதரை.
"நீங்க கேக்குறது இருநூத்தி எண்பத்தஞ்சு, எழுபது.
அதுவும் முழு முப்பத்து மூணு இல்ல,
டயர் விக்கிறவன் வயசைக் குறைக்க மாட்டான், கூட்டித்தான் சொல்லுவான்."

வித்தியாசம் ஐந்தரை சென்டிமீட்டர்.
எனக்கு அந்தக் கல் ஞாபகம் வந்தது.
மூன்றாம் ஓடையில், இடப்பக்கம்,
ஒவ்வொரு செவ்வாயும் வண்டியின் வயிற்றில் இடிக்கும் கல்.
"அப்ப அஞ்சரை சென்டி தூக்குமா?"
"பாதி அச்சுக்கு மேல போயிடும்மா.
பாதிதான் உங்களுக்கு."

அதோடு விடவில்லை.
பெரிய டயர் ஒரு சுற்றில் அதிகம் போகும்,
மீட்டருக்கோ பழைய சுற்றுதான் தெரியும்.
முள் நூறு காட்டும்போது நிஜத்தில் நூற்றேழு.
டியூக் நெடுஞ்சாலையில் கேமரா நிஜத்தைத்தான் பார்க்கும்.

எனக்குக் கேமரா பயமில்லை.
கிலோமீட்டருக்கு எழுபது காசு தருகிறது கம்பெனி.
மாதம் இரண்டாயிரத்து நூறு ஓடினால்
நூற்று முப்பத்தெட்டு யார் கணக்கிலும் வராது.
தொண்ணூற்றாறு ரிங்கிட் சொச்சம்.
அந்த நூற்று முப்பத்தெட்டு எவையாக இருக்கும்?
மரப்பட்டறை தாண்டி,
போனில் கோடு ஒன்றுகூட இல்லாத
அந்தக் கடைசித் துண்டுகளாக இருந்தால்
இலவசமாகவே ஓட்டுவேன்.

சுக்ரி ஒன்றை மாட்டி ஸ்டீயரிங்கை ஒடித்தான்.
கர்ரென்று பிளாஸ்டிக்கைக் கடித்தது.
கத்தி எடுத்தான், வெட்டிவிட.
"வேண்டாம். நடுவுல ஒண்ணு இல்லியா?"

இருந்தது. அதே 265, பக்கத்தில் 70.
எனக்கு வரும் பாதி, பதின்மூன்று மில்லிமீட்டர்.
வைத்துப் பார்த்தேன், என் சுண்டுவிரல் அகலம்.
"சேத்துல காத்த எறக்குவீங்கல்ல?
அப்ப அந்தச் சுண்டுவிரலும் போயிடும்"
என்று சிரித்தார் சிவநேசன்.
நான்கையும் மாட்டச் சொன்னேன்.

செவ்வாய். மூன்றாம் ஓடை.
காற்றை இறக்காமல் போனேன், மூச்சை மட்டும் பிடித்துக்கொண்டு.
கல் இடிக்கவில்லை. தொட்டது,
கூட்டத்தில் தெரிந்தவர் முதுகைத் தொடுவதுபோல.
பின்னால் போத்தல்கள் லேசாகக் கிணுங்கின.

இப்போது முள் நூறு என்றால் நூற்று மூன்றரை.
ஆபீசுக்குச் சொல்லவில்லை.
அந்த மூன்றரை என்னிடமே இருக்கட்டும்.