முறை

வனத்சோர் சதுரங்கக் கழகத்தில்
கணப்பு ஒன்றுதான்.
அதனருகே நடுவர் மேசை. நடுவர் நான்.
நான்காம் சுற்றுக்குச் சீட்டு எடுத்தபோது
ஷுஷானிக்கும் வருஜானும் எதிரெதிரே வந்தார்கள்.
பின்னாலிருந்து யாரோ விசிலடித்தார். முறைத்தேன்.

ஊருக்கே தெரியும்.
மணவிலக்குத் தீர்ப்பாகி ஆறு வருடம்,
இன்னும் அதே மூன்றாம் மாடி, அதே இரண்டு அறை.
வெளியேறுகிறவருக்கு வீட்டில் பங்கில்லை என்று
வக்கீல் இருவரிடமும் தனித்தனியே சொல்லியிருக்கிறார்.
ஒரே வக்கீல்.
குளிர்பெட்டியில் வெண்ணெய்கூட இரண்டு பொட்டலமாம்,
பெயர் எழுதி.

ஐம்பத்தேழாவது நகர்த்தலில் பலகை காலி.
மிச்சம் இரண்டு ராஜா, இரண்டு சிப்பாய்.
சிப்பாய்கள் நெற்றிமுட்டி நிற்க
தன்னுடையதைக் காத்தபடி
அடுத்ததைக் குறிவைத்தபடி
இருபுறமும் ராஜாக்கள்.
யாரும் யாரையும் எதுவும் செய்ய முடியாது,
யாரும் அசையாதவரை.

அசைய வேண்டியவள் ஷுஷானிக்.

முப்பது வருடமாய் நான் வாசித்துக் காட்டும் விதி:
முறை வந்தால் நகர்த்தியே ஆக வேண்டும்.
சும்மா இருக்கலாம் என்று
புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை.
ஒருமுறை, காய்ச்சலில் கிடந்தபோது,
கடைசிப் பக்கத்திலிருந்து தேடிக்கூடப் பார்த்தேன்.

கடிகாரத்தின் சிவப்புக் கொடி மெல்ல நிமிர்ந்தது.
வருஜானின் கைகள் கோட்டுப்பைக்குள்.
அவன் முகத்தில் வெற்றி இல்லை.
இதே பலகை, இதே காய்கள்,
முறை மட்டும் அவனுடையதாயிருந்தால்
தொலைந்தவன் அவன்.
அது அவனுக்குத் தெரியும்,
அவனுக்குத் தெரியுமென்று அவளுக்கும்.

பதினேழு நிமிடம் கழித்து ராஜாவைத் தொட்டாள்.
தொட்டாயிற்று.
சூடான பாத்திரத்தை இறக்குவதுபோல்
ஒரு கட்டம் தள்ளி வைத்தாள்.
அவன் ராஜா வந்து சிப்பாயை எடுத்தது,
சத்தமில்லாமல்.
இன்னும் ஒன்பது நகர்த்தல் ஆடினாள்,
ஏனென்று நான் கேட்கவில்லை.
கைகுலுக்கினார்கள். பூச்சியம், ஒன்று,
பென்சிலால் எழுதினேன்.

இருவருக்கும் ஒரே பேருந்து, கடைசிப் பேருந்து.
வாசலில் அவன் கதவைத் திறந்து பிடித்தான்.
"முதலில் நீ."
"இல்லை, நீ போ."
அவன் கதவை விடவில்லை.
அவள் ஏற்கெனவே போட்ட பொத்தானைக்
கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.
பனி உள்ளே வந்து
முடிவுத் தாள்மேல் விழுந்தது.

"யாராவது ஒருத்தர் நகருங்களேன்" என்று கத்தினேன்,
"கணப்பு அணைகிறது."